எழுத்துக்கு வெளியே போகிற நேரம்

இணையத்தில் எழுதுகிறவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே குறைதான் வரும்: நேரம் போதவில்லை. எங்கே போகிறது அந்த நேரம் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். யோசிப்பதற்கும் எழுதுவதற்கும் ஆகிற நேரம் குறைவு. மேற்கோளைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்வது, பழைய எழுத்துருவில் கிடக்கும் பக்கத்தை ஒருங்குறிக்கு மாற்றுவது, ஒற்றுப்பிழை பார்ப்பது, படத்தைச் சுருக்குவது, எங்கோ படித்த ஒரு வரி எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தேடுவது என்று எழுத்தைச் சுற்றியிருக்கிற சில்லறை வேலைகளில்தான் இரவு கரைகிறது.

நான் கும்பகோணத்தில் ஒரு பள்ளி நூலகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். வீட்டு வேலை ஓய்ந்த பிறகு, பழைய தமிழ் நூல்களின் முன்னுரைகளைப் பற்றி இணையத்தில் எழுதுகிறேன். காகிதம் வாங்கப் பணம் கொடுத்தவர் யார், எந்த ஊரிலிருந்து ஏட்டுச்சுவடி வந்தது, படி ஒப்பிட்டுப் பார்க்க உதவியவர் யார் என்பதெல்லாம் அந்த முன்னுரைகளில்தான் இருக்கும். நூலுக்குள்ளே நுழைகிற அவசரத்தில் நாம் புரட்டிவிட்டுப் போகிற பக்கங்கள் அவை. இந்த வேலைக்கு எனக்குக் கிடைப்பது படுக்கப் போவதற்கு முன்னுள்ள கொஞ்ச நேரம் மட்டும். அதனால், எந்தக் கருவி உண்மையிலேயே நேரத்தை மீட்டுத் தருகிறது, எது புதிதாக ஒரு வேலையைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதில் நான் மிகவும் கவனமாக இருக்கிறேன்.

‘வலைப்பதிவர்களுக்கு அவசியமான பத்துக் கருவிகள்’ என்ற வகைக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. அவற்றில் பல, வலைப்பதிவு நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைச் சுற்றியே இருக்கும். அது 2003-இல் வெளிவந்தது. மறு ஆண்டே, கூடுதல் வசதிக்கான செருகுநிரலை யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கலாம் என்ற வசதி அதில் வந்தது. இன்று அதன் இலவசக் கிடங்கில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட செருகுநிரல்கள் இருக்கின்றன. குப்பைப் பின்னூட்டங்களை வடிகட்டும் அகிஸ்மெட் போன்றவை எல்லா மொழிக்கும் பயன்படும். ஆனால் தமிழில் எழுதுகிறவரின் நேரம் போகிற இடங்கள் அந்தப் பட்டியல்களில் இருப்பதில்லை. நமக்கு வேண்டியவற்றை நம் பக்கத்திலிருந்துதான் வரிசைப்படுத்த வேண்டும்.

விரலிலிருந்து தொடங்க வேண்டும்

முதல் கருவி விசைப்பலகை. இதைச் சரிசெய்யாமல் மற்ற எதைச் சேர்த்தாலும் பெரிய பலன் இல்லை.

நம்மில் பலர் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழை வரவழைக்கிறோம். பழகிய வழி, உடனே கைவரும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் ஆங்கில எழுத்தாக உடைத்து, அதை மறுபடி தமிழாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு அறிவித்த ‘தமிழ்99’ விசைப்பலகை வேறு மாதிரியானது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். இடது, வலது என்று கை மாறி மாறி வேலை செய்யும்.

அதன் நுட்பம் புள்ளி வைப்பதில் இருக்கிறது. தமிழில் ஒரே மெய் இரட்டித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி வரும். ‘க’ விசையை இரண்டு முறை தட்டினால் ‘க்க’ என்று தானே வந்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ங, க என்று அடித்தால் ‘ங்க’, ந, த என்று அடித்தால் ‘ந்த’, ன, ற என்று அடித்தால் ‘ன்ற’. மொழியின் இயல்பைப் பார்த்து அமைத்திருக்கிறார்கள்.

‘எழுத்து’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்99-இல் எ, ழ, உ, த, த, உ என்று ஆறு தட்டல். ஆங்கில எழுத்து வழியாக அடித்தால் ‘ழு’ வர மூன்று, ‘த்து’ வர ஐந்து என்று மொத்தம் ஒன்பது. ‘வந்தான்’ என்பதற்கு அங்கே எட்டு, இங்கே ஆறு. ஒரு சொல்லில் இரண்டு மூன்று தட்டல்தான் மிச்சம். ஒரு கட்டுரை முழுக்கக் கணக்குப் போட்டால் ஆயிரக்கணக்கில் மிச்சமாகும்; மணிக்கட்டும் பிழைக்கும்.

இதற்குக் காசு தேவையில்லை. விண்டோஸ் 10 காலத்திலேயே தமிழ்99 உள்ளேயே வந்துவிட்டது. மொழி அமைப்புக்குப் போய்ச் சேர்த்துக்கொண்டால் போதும். அதற்கு முன்பு இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற மென்பொருள்கள்தான் நம்மை எழுத வைத்தன. இன்றும் அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியில் எழுதுகிறவர்களுக்கு மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தில் தமிழ்99-உம் உண்டு, ஆங்கில எழுத்து வழியாக அடிக்கும் அஞ்சல் முறையும் உண்டு.

பழகும் வரை வேகம் குறையும், எரிச்சலும் வரும். அப்போது பழைய முறைக்குத் திரும்பாமல் இருந்தால் விரல் தானாக இடம் கண்டுகொள்ளும். என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரியவர்களைவிட அவர்களுக்கு விரைவில் கைவருகிறது. மறப்பதற்கு அவர்களிடம் பழைய பழக்கம் இல்லை.

பழைய எழுத்துருவைத் திறக்கும் சாவி

ஒருங்குறி பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு எழுத்துருவை வைத்திருந்தது. திஸ்கி, டாம், டாப், பாமினி, வானவில் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத குறியீடுகள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் பாமினி மிகப் பரவலாக இருந்தது. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். முழுக் கட்டுரையும் அப்படித்தான் கிடக்கும்.

தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமே இந்தப் பாதையைக் கடந்துதான் வந்தது. முதலில் மயிலை எழுத்துரு, பிறகு திஸ்கி, கடைசியில் ஒருங்குறி. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தகுதரமாக ஏற்று ஆணையிட்டது 2010-இல். அதற்கு முன்னால் எழுதப்பட்டவை எத்தனையோ பேரின் கணினிகளில் இன்னும் பழைய குறியீட்டிலேயே இருக்கின்றன.

எனக்கு ஒரு நண்பர் தன் தந்தையின் கட்டுரைகளை அப்படித்தான் அனுப்பினார். ‘திரும்ப அடிக்க ஆள் தேட வேண்டும்’ என்று வருத்தப்பட்டிருந்தார். தேட வேண்டாம். சுரதா உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றியிலோ என்எச்எம் கன்வர்ட்டரிலோ ஒட்டி, எந்த எழுத்துரு என்று தேர்ந்தெடுத்தால் கண் இமைக்கும் நேரத்தில் தமிழாகிவிடும். மாற்றிய பிறகு மேற்கோள் குறிகளையும் நடுவே கலந்திருக்கும் ஆங்கிலச் சொற்களையும் மட்டும் ஒரு முறை பாருங்கள். மாற்றி, ஆங்கிலச் சொல்லையும் தமிழ்க் குறியீடு என்று நினைத்துக் குழப்பியிருக்கும்.

உங்கள் வீட்டில் பழைய குறுந்தட்டிலோ, கணினியின் ஒரு மூலையிலோ இப்படி ஏதாவது இருந்தால் இந்த வாரமே மாற்றி வையுங்கள். அந்த எழுத்துருவின் பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

அச்சுப் பக்கம் எழுத்தாகும்போது

எனக்கு அதிக நேரத்தை மீட்டுக் கொடுத்தது எழுத்துணரி. அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால், அதிலுள்ள எழுத்துகளைத் திருத்தக்கூடிய உரையாக்கித் தரும் கருவி. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, வலச்சொடுக்கில் ‘கூகுள் டாக்ஸில் திற’ என்றால் படத்துக்குக் கீழே உரை வந்து நிற்கும். இணையம் இல்லாமல் வேலை செய்ய வேண்டுமென்றால் டெசராக்ட் இருக்கிறது. எச்பி நிறுவனத்தில் 1980-களில் பிறந்து, 2005-இல் திறமூலமாக வெளிவந்த மென்பொருள் அது, தமிழும் படிக்கும்.

பலன் படத்தின் தரத்தைப் பொறுத்தது. விரித்த புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே படமாக எடுத்தால் வரிகள் கலந்துவிடும். ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் அந்த இரண்டு பக்கத்தையும் பிரித்து, கோணலை நிமிர்த்தி, ஓரத்துக் கறுப்பை வெட்டிக் கொடுக்கிறது. அதை முடித்துக்கொண்டு எழுத்துணரிக்குப் போனால் திருத்த வேண்டிய பிழைகள் வெகுவாகக் குறைகின்றன.

இருந்தாலும் பிழை வரும். எங்கே வரும் என்று தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது. ‘கௌரவம்’ என்பதில் வரும் ஔகாரக் குறியை, கொம்பும் ளகரமும் என்று தனித்தனியாகப் படித்திருக்கும். பார்க்க ஒன்று போலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் நிற்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் ஐகாரக் குறி எழுத்தோடு ஒட்டி வளைந்திருக்கும். ணா, றா, னா ஆகியவையும் சுழித்த பழைய வடிவில் இருக்கும். அங்கெல்லாம் எழுத்துணரி தடுமாறும்.

எனக்கு மிகவும் முக்கியமானது ஆண்டுகள். பழைய முன்னுரைகளில் ஆண்டைத் தமிழ் எண்ணில் அச்சிட்டிருப்பார்கள். உ.வே.சாமிநாதையர் இதே கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்தபோது சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த ஆண்டு 1887. தமிழ் எண்ணில் அது ௧௮௮௭. எழுத்துணரி அதைக் ‘கஅஅஎ’ என்று படித்துவிட வாய்ப்பு நிறைய உண்டு. தமிழ் எண் ஒன்று பார்வைக்குக் ககரம், எட்டு அகரம், ஏழு எகரம். தேதி இருக்கும் இடத்தை மட்டும் மூலப் படத்தோடு வைத்து, கண்ணால் ஒப்பிட வேண்டும். வேறு வழியே இல்லை.

மற்ற பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்துவதில்லை. திரும்பத் திரும்ப வருகிற பிழைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். எழுத்துணரி கொடுத்த உரையில் ‘தேடி மாற்று’ வசதியால் அந்தப் பட்டியலை முதலில் ஓட்டிவிடுகிறேன். வரி முடிகிற இடத்திலெல்லாம் உடைந்து நிற்கும் பத்தியைச் சேர்ப்பது, பக்க எண்ணையும் பக்கத்தின் தலையில் வரும் நூற்பெயரையும் நீக்குவது, கொம்பும் ளகரமுமாகப் பிரிந்த ஔகாரத்தைச் சேர்ப்பது எல்லாம் அதில் முடிந்துவிடும். அதன்பிறகுதான் வரிவரியாகப் படிப்பது. அந்தப் படிப்பை எந்தக் கருவிக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு முன்னுரையை எழுத்தெழுத்தாகப் படிக்கும்போதுதான் எழுத வேண்டிய விஷயமே கண்ணில் படுகிறது.

பேசினால் எழுத்தாகும் வசதியும் இப்போது நமக்கு இருக்கிறது. கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது 2017 ஆகஸ்டில். பேருந்துப் பயணத்தில் தோன்றும் ஒரு வரியைக் கைப்பேசியில் சொல்லிவைக்க அது அருமையான துணை. கண் பார்வை குறைந்தவர்களுக்கும் மூட்டுவலியால் அவதிப்படும் முதியவர்களுக்கும் அது எழுதும் வாய்ப்பையே திறந்துவிட்டிருக்கிறது. நான் அதைக் குறிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். நிறுத்தற்குறிகளைப் பிறகு உட்கார்ந்து போட வேண்டியிருக்கிறது.

ஒற்றுப்பிழையும் ஒரு வேலும்

தமிழில் எழுதி முடித்த பிறகு மிரட்டுவது சந்தி. வல்லினம் மிகுமா மிகாதா? ‘படித்துப் பார்த்தேன்’ என்பதில் மிகும். ‘வந்து போனேன்’ என்பதில் மிகாது. முன்னது வன்தொடர்க் குற்றியலுகரம், பின்னது மென்தொடர். இப்படி விதியாகச் சொல்லக்கூடியவற்றைக் கணினியும் பார்க்கும். நீச்சல்காரன் என்ற பெயரில் அறியப்படும் தமிழ்க் கணிமை ஆர்வலர் உருவாக்கிய ‘நாவி’ சந்திப்பிழை திருத்தியும் ‘வாணி’ எழுத்துப்பிழை திருத்தியும் இந்த வேலையைச் செய்கின்றன. உரையை ஒட்டினால் ஐயமான இடங்களை நிறமிட்டுக் காட்டி, மாற்றுச் சொல்லையும் தருகின்றன. இரண்டும் இலவசம்.

கண் ஓய்ந்துபோன இரவுகளில் இவை பெரிய துணை. நான் எழுதியதை நானே படிக்கும்போது மனம் சரியாகவே படித்துக்கொண்டு போகும். விட்ட ஒற்று தெரியாது. கருவிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆனால் முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும். ‘வேலை கொடுத்தான்’ என்றால் ஒருவருக்குப் பணி கொடுத்திருக்கிறான். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையிலிருந்த வேலாயுதத்தைக் கொடுத்திருக்கிறான். இரண்டும் பிழையற்ற தமிழ். எது வேண்டும் என்று எழுதியவருக்குத்தான் தெரியும். கருவி நிறமிட்டுக் காட்டிய இடத்திலெல்லாம் ‘சரி’ என்று அழுத்திக்கொண்டே போனால் புதிய பிழைகள் உள்ளே வரும். பிழைதிருத்தி சந்தேகப்படும் இடத்தைக் காட்டுவதற்காக. தீர்ப்புச் சொல்வதற்காக அல்ல.

கண்ணுக்குத் தெரியாமல் நேரம் ஒழுகும் இடங்கள்

இனிச் சொல்பவை சிறியவை. நாள்தோறும் செய்வதால் கூட்டினால் பெரியவை.

நகலெடுத்தவற்றின் வரலாறு. விண்டோஸ் 10-இல் 2018 முதல் இந்த வசதி உண்டு. விண்டோஸ் விசையோடு ‘வி’ சேர்த்து அழுத்தினால், கடைசியாக நகலெடுத்த 25 துண்டுகள் வரை பட்டியலாக வரும். வேண்டியதைக் குண்டூசி போட்டு நிறுத்தியும் வைக்கலாம். இரண்டு மேற்கோளை எடுக்க இரண்டு முறை பக்கம் தாவ வேண்டியதில்லை.

குறுஞ்சொல்லை விரிக்கும் வசதி. லிப்ரே ஆபிஸில் ‘தானியங்கு உரை’ என்று இருக்கிறது. ஒரு குறுக்கத்தை அடித்து எஃப்3 விசையைத் தட்டினால் நாம் சேமித்துவைத்த முழுத் தொடரும் விரியும். பழைய நூல்கள் ஆண்டைச் சொல்லும்போது பிரபவ, சர்வஜித்து என்று அறுபது ஆண்டுச் சுற்றின் பெயரைச் சொல்லும். அவற்றை அந்த வசதியில் ஏற்றி வைத்திருக்கிறேன். ‘பிரபவ’ என்று அடித்து எஃப்3 தட்டினால் ‘பிரபவ: 1867–68, 1927–28’ என்று வரும். ‘சர்வஜித்து’ என்றால் 1887–88, 1947–48. எது பொருந்தும் என்று நூலைப் பார்த்து முடிவு செய்துகொள்வேன். ஒவ்வொரு முறையும் பஞ்சாங்க அட்டவணையைப் புரட்டுகிற வேலை போயிற்று. சமையல் எழுதுகிறவர்கள் அளவுகளையும், விவசாயம் எழுதுகிறவர்கள் பட்டங்களையும் இப்படி ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

படங்கள். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் நான்கைந்து எம்பி இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் சிற்றூரில் இருந்து படிக்கிறவருக்குப் பக்கம் திறக்கவே திறக்காது. வியன்னாவில் படித்த ஒரு மாணவர் 1996-இல் வெளியிட்ட இர்பான்வியூ இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கோப்புறையில் உள்ள எல்லாப் படங்களையும் ஒரே கட்டளையில் திருப்பி, அளவு குறைத்து, வரிசையாகப் பெயரிட்டுத் தரும். நிறுவ விருப்பமில்லாதவர்கள் உலாவியிலேயே இயங்கும் ஸ்கூஷில் ஒவ்வொரு படமாகச் சுருக்கலாம்.

எடுத்த இடத்தை நினைவில் வைப்பது. இது எனக்கு மற்ற மூன்றையும்விடப் பெரியது. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் தொடங்கிய ஜொட்டெரோ, உலாவியில் ஒரு சிறு பொத்தானாக வந்து உட்காரும். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலோ, ஈழத்து நூல்களைச் சேமிக்கும் நூலகம் தளத்திலோ ஒரு பக்கத்தைப் பார்க்கிறேன் என்றால் அதை அழுத்தினால் போதும்; தலைப்பு, முகவரி, பார்த்த தேதி எல்லாம் பதிவாகிவிடும். பக்கத்தில் நான் இரண்டு வரி குறிப்பும் எழுதிவைப்பேன். பல மாதம் கழித்து ‘அந்த அச்சுக்கூடம் எந்தத் தெருவில் இருந்தது’ என்று தேடும்போது ஒரே சொல்லில் கிடைத்துவிடும்.

அதோடு இன்னொன்றும் செய்கிறேன். மேற்கோள் காட்டும் இணையப் பக்கத்தை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் ஒரு படி சேமித்துவிடுகிறேன். இலவச இணையப் பக்கங்களுக்கு இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது அங்கே இருந்த தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்தே மறைந்தன. நாம் சுட்டிய பக்கம் நாளைக்கு இல்லாமல் போகலாம். சேமிப்பதற்கு ஆகிற நேரம் சில நொடி.

எதைச் சேர்க்கக் கூடாது

இத்தனையையும் படித்துவிட்டு எல்லாவற்றையும் இன்றே நிறுவிவிடாதீர்கள். உலாவியில் சேர்க்கும் நீட்டிப்பு ஒவ்வொன்றும் அதன் உள்ளே இடம் கேட்கிறது. ‘எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்கிற நீட்டிப்பு, நீங்கள் வங்கிப் பக்கத்தைத் திறக்கும்போதும் உடன் இருக்கும். ‘கிரேட் சஸ்பெண்டர்’ என்ற நீட்டிப்பு பயன்படாத தாவல்களை உறங்கவைத்துக் கணினியின் நினைவகத்தை மிச்சப்படுத்தியது. மிகப் பலர் நம்பிப் பயன்படுத்தினார்கள். 2020-இல் அது கைமாறியது. தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் தன் கடையிலிருந்தே அதை நீக்கியது. நல்லவர் எழுதிய கருவி நாளைக்கும் நல்லவர் கையிலேயே இருக்கும் என்று உறுதி இல்லை.

நான் வைத்திருக்கும் விதி எளியது. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன், எந்த வேலைக்காக என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அது தேவையில்லை. ஒரு மாதமாகத் தொடாததை நீக்கிவிட வேண்டும். அது கேட்கும் அனுமதி அதன் வேலைக்குப் பொருத்தமா என்று பார்க்க வேண்டும். படத்தைச் சுருக்க வந்தது மின்னஞ்சலைப் படிக்க அனுமதி கேட்டால் வாசலிலேயே அனுப்பிவிட வேண்டும்.

அடுத்தது படி எடுத்து வைத்தல். பலருடைய அன்றாட வாசிப்புக்கு ஆதாரமாக இருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை முதல் தேதியோடு மூடப்பட்டது. எவ்வளவு பெரிய நிறுவனம் நடத்தினாலும் சேவை நிற்கலாம். பிளாகரிலும் வேர்ட்பிரஸிலும் எழுதியதை எல்லாம் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. மாதம் ஒரு முறை இறக்கி, கணினிக்கு வெளியே ஓர் இடத்தில் வையுங்கள்.

எழுதித் தருகிறேன் என்று வருகிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். சில்லறை வேலையைக் கருவியிடம் கொடுப்பது, யோசிக்க நேரம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. யோசிப்பதையும் கொடுத்துவிட்டால் மிச்சம் பிடித்த நேரத்தை வைத்து என்ன செய்வது? ஒரு முன்னுரையைப் படித்து அதில் எது முக்கியம் என்று தேர்ந்தெடுப்பதுதான் என் வேலை. அதை நானே செய்கிறேன்.

வாங்கியவர்கள் கொடுக்கவும் வேண்டும்

இந்தக் கட்டுரையில் சொன்ன தமிழ்க் கருவிகளில் பலவும் அலுவலக வேலை முடித்துவிட்டு இரவில் உட்கார்ந்தவர்கள் எழுதித் தந்தவை. விலை வைக்காமல் தந்தார்கள். அவை மேம்படவும் பயன்படுத்துகிறவர்கள்தான் உதவ வேண்டும்.

பிழைதிருத்தி ஒரு நல்ல தமிழ்ச் சொல்லைப் பிழை என்று காட்டினால், சிரித்துவிட்டுக் கடந்து போகாமல் அந்தச் சொல்லை உருவாக்கியவருக்கு எழுதி அனுப்புங்கள். வட்டாரச் சொற்களும் தொழிற்சொற்களும் அகராதியில் ஏறுவது அப்படித்தான். எழுத்துமாற்றியில் ஓர் எழுத்துரு சரியாக மாறவில்லை என்றால் மாதிரி வரி ஒன்றோடு தெரிவியுங்கள். தமிழ் விக்கிமூலத்தில், தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் 2 ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. த. சீனிவாசன் எழுதிய நிரல் ஒன்று, கூகுளின் எழுத்துணரியைப் பயன்படுத்தி அப்படிப்பட்ட நூல்களின் பக்கங்களை எழுத்தாக்கியது. ஆனால் எழுத்துணரி விட்ட பிழைகளை மனிதக் கண்தான் திருத்த வேண்டும். படத்தையும் உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கத்தைத் திருத்த அதிக நேரம் ஆகாது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை.

இந்த வாரம் ஒன்றே ஒன்றைத் தொடங்க வேண்டும் என்றால் தமிழ்99-ஐத் தொடங்குங்கள். அது கைவந்த பிறகு, உங்களுடைய நேரம் எங்கே ஒழுகுகிறதோ அந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஒரு கருவியைத் தேடுங்கள். மிச்சமாகிற நேரத்தில் வாரம் ஒரு பக்கமாவது விக்கிமூலத்தில் திருத்திக் கொடுங்கள். நம் கருவிகளும் நம் நூல்களும் நன்றாக இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.